நெகமம் போக மறுத்த வண்டி

மருதாசலம் அண்ணனின் கத்தரிப்பூ நிற வண்டி முதன்முதலாகத் தெருவை விட்டு வெளியே போன அன்றைக்கு, எங்கள் கணபதி ஏரியாவிலிருந்து காந்திபுரம் வரைக்கும் இருக்கிற டவுன் பஸ் ஸ்டாப் ஒவ்வொன்றிலும் அது ஓரங்கட்டி நின்று, கதவைத் தானாகத் திறந்து, சித்த நேரம் காத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியது, ஸ்டாப்பில் நின்றிருந்த ஜனங்களும் அதைப் பார்த்து வாயைப் பிளக்கவெல்லாம் இல்லை, "உள்ள தள்ளிப் போங்க, வாசல்லயே நின்னா மத்தவங்க எப்படி ஏறுறது" என்று ஒருத்தரை ஒருத்தர் கடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்தான் பாவம். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் வளைத்தால் அது அந்தப் பக்கம் போகிறதே என்று புதுச் சட்டையெல்லாம் வேர்த்து நனைந்துவிட்டது. அவர் போக வேண்டிய ஊர் பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம், போய்ச் சேர்ந்தது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு.

நெகமத்தில் அவருடைய சம்சாரம் கோகிலவாணி இருந்தாள். கோபித்துக்கொண்டு போய்த் தாய்வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிவரத்தான் அண்ணன் கிளம்பினார்.

நான் அந்தத் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிறேன், எங்கள் ஊரில் டீக்கடைக்குப் பேக்கரி என்றுதான் பெயர், கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே அண்ணனின் லேத்துப் பட்டறை, அதனால் இந்தக் கதையை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடையாது, அப்படி யாராவது சொல்கிறேன் என்று வந்தால் என் கடையில் அவருக்கு டீ கிடையாது.

வண்டி வந்த கதை சின்னதுதான். எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கின வண்டி அது, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் போல நீளமான பானெட், அது கிளம்பினால் ரோட்டோரத்து வீடுகளில் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும் என்று சொல்வார்கள். முதலாளி போய், மகன் போய், பேரன் வீட்டை விற்கிற சமயத்தில் தோட்டத்து மூலையில் அது கோழிக்கூண்டாக நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துதான் அண்ணன் வண்டியைக் கட்டி இழுத்துவந்தார், அப்பேர்ப்பட்ட மனுஷன்.

கோழிக்குக் காட்டின பொறுமையை வீட்டில் இருக்கிறவளுக்குக் காட்டினாரா என்றால் அதுதான் இல்லை. ஒரு வருஷம் "அமெரிக்காக்காரன் எப்படிப் பண்ணினானோ அப்படியே, ஒரு திருகாணிகூட மாறாம கொண்டுவர்றேன்" என்பார், அடுத்த வருஷம் "அவனுக்கென்ன தெரியும் நம்ம ரோட்டப் பத்தி" என்று சஸ்பென்ஷனை உயர்த்துவார், ஸ்டீயரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றுவார், சிவப்புப் பெயின்ட் அடிப்பார், சுரண்டுவார், பச்சை அடிப்பார், சுரண்டுவார், கத்தரிப்பூ நிறம் அடித்துவிட்டுத் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். கோகிலா சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் பட்டறை வாசலில் வந்து நின்றால், வண்டிக்கடியிலிருந்து இரண்டு கால் மட்டும் தெரியும். "ஏனுங்க" என்று அவள் கூப்பிடுவாள். "இதோ வந்தாச்சு" என்று கால்கள் சொல்லும். வருஷக்கணக்காக அவள் அந்தக் கால்களோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தால், கல் இருக்கிறது, பாதி அரைபட்ட மாவு இருக்கிறது, மோட்டாரைக் காணோம். அதை அண்ணன் வண்டியின் வைப்பருக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் சத்தம் போடவில்லை. தலையைத் துவட்டி, சேலையை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்று, என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. உங்க வண்டி என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு அதுலயே வந்து கூப்பிடுங்க, வர்றேன். அதுவரைக்கும் பஸ்ஸுல கிஸ்ஸுல வந்தீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன், சொல்லிப்போட்டேன்."

கால்கள் இரண்டும் அப்படியே அசையாமல் இருந்தன. அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் அண்ணன் வெளியே வந்தார், முகமெல்லாம் கிரீஸ், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அதில் கோடு போட்டிருந்தது.

அன்றையிலிருந்து மனுஷனுக்கு ஒரே குறி, வண்டியை ஓட வைக்க வேண்டும், நெகமம் போக வேண்டும். கம்பெனி சாமானுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு, எந்த மெஷினைக் கொண்டுவந்து போட்டாலும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், கையில் இருக்கிறதை வைத்து ஓட்டிவிடுவார்கள். உக்கடத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் ஜமால் பாய் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மாமா மச்சான் என்று பழகுகிற சிநேகிதர், அவரும் வேண்டியதை எல்லாம் தேடிக் கொடுத்தார், உடைப்புக்கு வந்த டவுன் பஸ்ஸின் ஸ்டீயரிங், இடித்துப்போட்ட சினிமா தியேட்டரின் பால்கனி சீட்டு, மூடிப்போன மில்லிலிருந்து நூற்பு மெஷினின் பல்சக்கரம். எல்லாம் அளவெடுத்துக் கடைந்த மாதிரி பொருந்தின. அதுதான் தப்பாகப் போயிற்று. சாமானைக் கழற்றி வந்தார்களே தவிர, அது பார்த்த வேலையை அதனிடமிருந்து கழற்றிவிட்டு வர யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டீயரிங் பஸ் ஸ்டாப்பெல்லாம் நின்ற கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதைச் சமாதானப்படுத்தி ஒருவழியாகப் பொள்ளாச்சி ரோட்டுக்குத் திருப்பினால், மதியக் காட்சி நேரம் ஆனதும் பால்கனி சீட்டுக்கு நினைப்பு வந்துவிடும், வண்டி வந்த வழியே திரும்பி, தியேட்டர் இருந்த இடத்தில் கட்டியிருக்கும் கல்யாண மண்டபத்து வாசலில் போய்த் திரையைப் பார்த்த மாதிரி சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும், படம் விடுகிற நேரம் வரைக்கும் யானையைக் கட்டி இழுத்தாலும் நகராது. மண்டபத்து மேனேஜர் அதை மாப்பிள்ளை வீட்டு வண்டி என்று பெண் வீட்டாரிடமும் பெண் வீட்டு வண்டி என்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லி, வண்டிக்குள் இருக்கிற அத்தனை பேரையும் பந்தியில் உட்கார வைத்துவிடுவார். எங்கள் தெருவில் முகூர்த்த நாளில் மதியச் சமையலையே நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் ஆனால் பல்சக்கரத்தின் முறை. ஷிப்ட்டு மாறுகிற நேரத்துக்கு வண்டி மில் கேட்டுக்குப் போய் நின்று நீளமாக ஹாரன் அடிக்கும். முதல் நாள் வாட்ச்மேன் மட்டும் எட்டிப் பார்த்தார். மறுநாள் முன்னாள் நூற்புக்கார அம்மணிகள் நாலைந்து பேர், அடுத்த வாரம் ஒரு கும்பலே, தலைவாரிப் பூ வைத்து, கையில் டிபன் தூக்கோடு, "ஷிப்ட்டுக்கு நேரமாச்சு கண்ணு" என்று மருமகள்களிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். கேட்டுக்குள் புங்க மரத்தடியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு, ஷிப்ட்டு முடிந்ததும் வண்டியிலேயே ஏறி வீடு திரும்பினார்கள். மருமகள்கள் அண்ணனுக்கு நன்றி சொல்லிப் பலகாரம் கொடுத்துவிட்டார்கள்.

மழை பெய்து வைப்பரைப் போட்டால் மட்டும் வண்டி வேறெங்கும் போகாது, நேராக அண்ணன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்ச் சமையல்கட்டு ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு கடகடவென்று ஆடும். உள்ளே இருட்டு, காலி அடுப்பு, கவிழ்த்துவைத்த பாத்திரம். அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மோட்டாரைக் கழற்றிக் கிரைண்டரிலேயே மாட்டித் துண்டைப் போட்டு மூடினார்.

வண்டியின் உடம்பு அமெரிக்க உடம்பாயிற்றே, அது ஏன் கொச்சித் துறைமுகத்தைப் பார்த்து ஓடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அது கோழிக்கூண்டாக இருந்து இருந்து ஊர் ஆசையே விட்டுப்போயிருந்தது. ஆனால் விடியற்காலையில் யாரும் தொடாமலே ஒரு தடவை ஹாரன் அடிக்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஊருக்குச் சந்தோஷம்தான். டிராபிக் போலீஸ்காரர்கூட "பஸ் ஸ்டாப்புல கார நிறுத்தக் கூடாது, ஆனா இது பஸ் மாதிரித்தான நடந்துக்குது" என்று விட்டுவிட்டார். ஆனால் அண்ணன் ஒவ்வொரு நாளும் புதுச் சட்டை போட்டு, மல்லிகைப்பூப் பொட்டலத்தை முன்சீட்டில் வைத்துக்கொண்டு நெகமத்துக்குக் கிளம்புவார், சாயங்காலம் மில் பெண்களின் தலையில் அந்தப் பூவைப் பார்ப்பேன்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "அம்மணி, பழைய சாமான் எதுவும் இனி ஆகாது. எல்லாத்தையும் புதுசா வார்த்துப்போடறேன். புது வார்ப்புக்கு ஏது நெனப்பு, ஏது ஊரு? சொன்ன பக்கம் போகும்" என்றார் என்னிடம். சொன்னபடியே மண் அச்சில் ஊற்றி, லேத்தில் கடைந்து, ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக் கம்பி வரைக்கும் ஒவ்வொன்றாக மாற்றினார். தெருவே திரண்டு வந்து சண்டை போட்டது. மில் அம்மணிகள் பட்டறை வாசலில் மறியல் உட்கார்ந்தார்கள். "உங்க பொண்டாட்டியக் கூப்பிட எங்க பொழப்பக் கெடுப்பீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்த்ததும் அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு முகூர்த்த நாளில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அப்பா, அது என்ன சத்தம்! என் கடைக் கண்ணாடி பாட்டிலில் பிஸ்கட்டெல்லாம் ஆடியது. வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகப் பட்டறை வாசல் வரைக்கும் வந்தது, தெருவை ஒருமுறை பார்த்தது, அப்படியே வளைந்து திரும்பி உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டது.

மறுபடியும் எடுத்தார். வாசல் வரைக்கும் வந்தது, திரும்பிப் போயிற்று. கார்புரேட்டரைப் பிரித்தார், கியரைப் பிரித்தார், அச்சைப் பிரித்தார், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜமால் பாய் வந்து, "மாமா, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கறேன்" என்று ஏறினார், வண்டி வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி கிளம்பி உக்கடத்தில் அவர் தினம் சாப்பிடுகிற பிரியாணிக் கடை வாசலில் போய் நின்றது. பாய் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார். பிறகு நான் உட்கார்ந்தேன், எனக்கு ஓட்டவும் தெரியாது, ஆனால் அது தானாகப் போயிற்று, போய் ஒரு வட்டமடித்து என் பேக்கரிக் கல்லாவுக்கு முன்னால் நின்றது, தெருவே கைகொட்டிச் சிரித்தது. ஊர் உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க எனக்குக் கல்லாவைத் தவிர வேறு போக்கிடம் இல்லையா என்று வெட்கமாகப் போயிற்று. அந்த எரிச்சலில்தான் வாயை விட்டேன்.

"அண்ணா, வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லீங்க. பழைய சாமான் எல்லாத்தையும் மாத்தினீங்க, ஒண்ண மட்டும் உட்டுப்போட்டீங்க. அது நீங்கதான். உங்களுக்குப் பட்டறைய உட்டு எங்கயும் போக ஆசை இல்ல. வண்டி அதத்தான் காட்டுது."

சொன்ன மாத்திரத்தில் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லாத அம்மணி. அவ இல்லாம எனக்குச் சோறு எறங்கறதில்ல" என்றார். "எறங்கறதில்லதான், ஆனா வண்டிக்கடியில போய்ப் படுத்துட்டா பசியே தெரியறதில்லயே" என்றார் பாய். அவர் கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் என் கடைக்கு டீக்கு வரவில்லை, பட்டறை ஷட்டரும் திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால், சாதாரணக் கசங்கின சட்டையோடு, கையில் பூவும் இல்லாமல் பழமும் இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

நெகமத்தில் நடந்ததைக் கோகிலாவே பிற்பாடு என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாளாம். இவர் நடந்து வருகிறதைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்தபடி நின்றாளாம்.

"வண்டி எங்கீங்க?"

"பட்டறையில நிக்குது. ஓடுது கோகிலா. நல்லாத்தான் ஓடுது. நான் ஓட்டினாத்தான் வரமாட்டேங்குது."

"ஏனாமா?"

"எனக்கு ஆசை இருந்தா எங்க வேணா போகுமாம். உன்னக் கூப்பிட வரோணும்னு எனக்கு ஆசைன்னுதான் இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். பட்டறைய உட்டு வெளிய வர்றதுக்கே எனக்கு ஆசை இல்லைன்னு அது காட்டிப்போடுச்சு. இதச் சொல்லாம இருக்க மனசு கேக்கல. அதான் வந்தேன். நீ திருப்பி அனுப்பினாலும் சரி."

கோகிலாவுக்கு விளக்குமாற்றால் இரண்டு போடலாம் போல இருந்ததாம். கட்டின பெண்டாட்டியிடம் உன்மேல் ஆசை இல்லை என்று சொல்ல ஒரு மனுஷன் பஸ் பிடித்து, பொள்ளாச்சியில் மாறி, வெயிலில் நடந்து வருவானா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்ததாம். அப்படியே அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றவள், கேட்டாளாம்.

"வண்டி பொய் சொல்லாதுங்களா?"

"சொல்லாது."

"அப்ப இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது யாருங்க?"

அவள் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, "கால் கழுவிட்டு உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் பஸ்ஸுலயே போலாம். அப்படி என்னதான் வண்டின்னு நானும் பாக்கறேன்" என்றாளாம்.

அவர்கள் வந்து இறங்கினபோது தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டது. கோகிலா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பட்டறைக்குள் போனாள், வண்டியைச் சுற்றி வந்தாள், கத்தரிப்பூ நிறத்தை விரலால் தடவினாள், டிரைவர் சீட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ஓட்டத் தெரியாது" என்றாள். "தெரிய வேண்டியதில்ல, சும்மா புடிச்சுக்கோ" என்று அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி எங்கே போகும் என்று வெளியே ஒரே கலாட்டா. நகைக்கடைக்குத்தான் என்றார் ஒருத்தர். மருதமலைக்கு என்றாள் ஒருத்தி. திரும்ப நெகமத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடப் போகிறது என்று நான் பயந்தேன்.

இனி வருகிறதும் கோகிலா சொன்னதுதான், வண்டி நகைக்கடையைத் தாண்டியது. மருதமலைப் பக்கம் திரும்பவேயில்லை. உக்கடம் தாண்டி, கிணத்துக்கடவு தாண்டி, நெகமத்துக்குத் திரும்புகிற முக்கில்கூட வேகம் குறையாமல், பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு தாண்டி, மலை ஏறத் தொடங்கியது. கோகிலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாய்வீட்டு மொட்டைமாடியில் நின்று தினமும் பார்த்த நீல மலை அது, பக்கத்தில் இருந்தும் ஒருநாளும் அவள் ஏறிப் பார்த்ததில்லை, கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டதற்கு அண்ணன் "வண்டி ரெடியாகட்டும், போலாம்" என்றாராம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில், கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரிகிற இடத்தில் வண்டி தானாக ஓரங்கட்டி நின்றது. அவள் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். குரங்குகள் வந்து பானெட் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. காற்று ஜிலுஜிலு என்று அடித்தது, அவள் அழுதாள், சிரித்தாள், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியதும், "போதுங்க. இனி நீங்க ஓட்டுங்க" என்று இடம் மாறி உட்கார்ந்தாள்.

தான் தொட்டால் வண்டி ஒரே பாய்ச்சலில் இறங்கிப் பட்டறைக்குள் போய்த்தான் நிற்கும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறுபடியும் மானத்தை வாங்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். சாவியைத் திருப்பினார். எஞ்சின் அருமையாகப் பிடித்தது. கியரைப் போட்டார், கிளட்ச்சை விட்டார், ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு அங்குலம்கூட அசையவில்லை. பட்டறைப் பக்கமும் போகவில்லை, மலைப் பக்கமும் போகவில்லை, எட்டு சிலிண்டரும் உறுமிக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன எழவோ தெரியலியே" என்று அண்ணன் பதறி, வழக்கம்போல இறங்கிப் பானெட்டைத் தூக்கிப் பார்க்கக் கதவில் கையை வைத்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் கோகிலா.

"என்ன கோளாறுன்னு பாக்கறேன்."

"வண்டி பொய் சொல்லாதுன்னீங்களே" என்று அவள் அவரையே பார்த்தாள். அவருக்குக் கை கதவிலேயே நின்றுவிட்டது. முதலில் காது சிவந்தது, பிறகு கழுத்து சிவந்தது, பிறகு மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆப் பண்ணுங்க, பெட்ரோல் வீணாப் போகுது" என்று சொல்லி, அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.